பொம்மைப் பட்டியல்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதுவது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா, இரண்டுக்கும் ஒழுங்காகப் பதில் வரவேண்டும். எனக்குச் சளியைத் தவிர ஒரு குறையும் இல்லை.

நேற்று வீட்டுக்காரம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்து, "இந்தக் காலத்துல யாரும்மா லெட்டர் எழுதறாங்க? உங்க அண்ணன் அப்படி என்னதான் வேலை பாக்கறார்?" என்று கேட்டார். உட்காரவைத்து விளக்கினேன். வானத்தில் ஒரு தொலைநோக்கி லட்சம் நட்சத்திரங்களை வருஷக்கணக்கில் முறைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு கிரகம் தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போனால் வெளிச்சம் துளி மங்கும். அந்த மங்கலைத் தேடுவது என் வேலை. பூமி அளவில், தண்ணீர் உறையாமலும் கொதித்துப் போகாமலும் இருக்கிற தூரத்தில், ஒன்றே ஒன்று வேண்டும். பதினொரு வருஷமாக அகப்படவில்லை. "அப்ப உங்க அண்ணன்?" என்றார். அண்ணன் வேறு ஊரில் உட்கார்ந்துகொண்டு பொய் மங்கல்களைத் தயாரித்து எங்கள் பதிவுகளுக்குள் செருகுகிறவர், எங்கள் கண் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அதற்கு நாங்கள் பொம்மை என்று பெயர் வைத்திருக்கிறோம். எது பொம்மை என்கிற பட்டியல் அவர் பீரோவில் பூட்டிக் கிடக்கும் என்றேன். அந்த அம்மா, "கூடப் பிறந்தவள ஏமாத்தறதுக்குச் சம்பளமா?" என்றார். உங்களைப் பற்றி இவ்வளவு சரியாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

போனில் பேசினால் உங்கள் தொண்டைக் கனைப்பே காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் கடிதம், அதிலும் வீட்டுச் சமாசாரம் மட்டும் என்று நாம் ஒப்பந்தம் போட்டிருப்பதைச் சொல்லவில்லை. சொன்னால் சிரித்திருப்பார்.

சுற்றறிக்கை உங்களுக்கும் வந்திருக்கும். தொலைநோக்கியைத் திருப்புகிற சக்கரங்களில் மூன்றாவதும் உறுமுகிறதாம். ஜூலையிலிருந்து நாற்பது நட்சத்திரங்களை மட்டும் பார்க்கும், ஆகஸ்ட் கடைசியில் அணைத்துவிடுவார்கள். இங்கே நாற்பது பேர் இருக்கிறோம், ஆளுக்கு ஒரு நட்சத்திரத்தின் பெயர் கொடுக்கலாம். கொடுத்தது பொம்மையாக இருந்தால் நீங்கள் சத்தமில்லாமல் எடுத்துவிடுவீர்கள், அந்த இடம் காலியாகவே போகும். மாற்றுப் பெயர் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே. எனக்கு ஒரு தடவை, ஒரு பெயர். நாற்பத்து மூன்று வயதில், இந்தப் பதினொரு வருஷத்தில் நான் எதையாவது பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள அதுதான் மிச்சம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணிக்கு என் அன்பு.

வாலு

&nbsp;

பிப்ரவரி 24

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுவது. நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் சளி போய்விட்டதா? ஆவி பிடி, மாத்திரையை முழுங்கிக்கொண்டிருக்காதே.

அண்ணியின் முழங்கால் தேவலை. என் பெல்ட்டில் அவள் இரண்டு புதுத் துளை போட்டிருக்கிறாள். இந்த வயதில் ஒல்லியாவது கொடுத்துவைத்தவர்களுக்குத்தான் என்கிறேன், அவள் சிரிக்கமாட்டேன் என்கிறாள். வயிற்றில் கொஞ்சம் மந்தம், வேறொன்றுமில்லை. டாக்டரிடம் போகவேண்டுமாம். போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், எப்போது என்று சொல்லவில்லை.

பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது. குழாய்க்காரர் மூன்று தடவை வந்து மூன்று தடவையும் வேறு குழாயைப் பழுது பார்த்துவிட்டுப் போனார்.

சுற்றறிக்கையானாலும் ஆபீஸ் ஆபீஸ்தான். இனிமேல் அதை எழுதாதே. வீட்டுக்காரம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல், ஏமாற்றுக்காரன் என்றே சொல்.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்

&nbsp;

ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்பி ஆரம்பிக்கிறேன். டாக்டரிடம் போனீர்களா?

ஒப்பந்தத்தை மீறப் போகிறேன். திட்டுவதென்றால் திட்டுங்கள். எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

அகப்பட்டுவிட்டது. நட்சத்திரத்துக்குப் பெயர் இல்லை, 418 என்று முடிகிற ஒரு நீள எண்தான். நம் சூரியனைவிடக் கொஞ்சம் சின்னது, கொஞ்சம் சூடு குறைந்தது. இருநூற்றுப் பதினான்கு நாளுக்கு ஒரு மங்கல். பத்தாயிரம் விளக்கு எரிகிற இடத்தில் ஒன்றை அணைத்தால் எவ்வளவு குறையுமோ அவ்வளவுதான், ஒன்பது மணி நேரம். இரண்டு மங்கல் பழைய பதிவுகளில் குப்பைக்குள் கிடந்தன. மூன்றாவது டிசம்பர் 15-ல் நடந்தது, அந்தப் பதிவு மார்ச்சில்தான் என் மேஜைக்கு வந்தது. பூமியைவிட ஒரு சுற்று பெரிது. தண்ணீர் இருந்தால் தண்ணீராகவே இருக்கும்.

மூன்று வாரம் அதைக் கொல்லப் பார்த்தேன். தொலைநோக்கி அசைந்ததா, பக்கத்தில் வேறு நட்சத்திரம் வெளிச்சத்தைக் கலக்கிறதா, கருவி சூடானதா, எல்லாம் பார்த்தாயிற்று. சாகமாட்டேன் என்கிறது. ஆனால் மூன்று போதாது, நாலாவதையும் பார்த்தால்தான் ஊர் ஒப்புக்கொள்ளும். நாலாவது ஜூலை 17. ஐந்தாவது பிப்ரவரியில், அப்போது தொலைநோக்கி இருக்காது. பத்தாயிரத்தில் ஒன்றைப் பார்க்கிற கண் தரையில் எந்த ஊரிலும் இல்லை. என் ஒரு பெயரை நான் இதற்குக் கொடுத்தால்தான் உண்டு. ஜூன் 30-க்குள் கையெழுத்துப் போடவேண்டும்.

பொம்மையா நிஜமா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் அவ்வளவு நன்றாகச் செய்கிறீர்கள், பாவி. நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவேண்டாம். வழக்கம்போல் குழாயைப் பற்றி எழுதுங்கள், போதும். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, அதை யாரிடமாவது சொல்லவேண்டுமல்லவா? வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன், "அங்க வாடகை எவ்வளவு?" என்று கேட்டார்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வாலு

&nbsp;

மே 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் சௌக்கியம்தானே? நான் இருக்கிறேன்.

முப்பத்து மூன்று நாள் ஆயிற்று. கோபமாக இருந்தால் கோபம் என்று ஒரு வரி எழுதலாம். குழாயைப் பற்றி எழுதலாம். ஒன்றுமே எழுதாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் உங்களை எனக்குத் தெரியும்.

நான் பத்தாவதில் பெயிலானது ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்துக்குப் போய் நோட்டீஸ் போர்டைப் பார்த்துவிட்டு வந்தது நீங்கள்தான். வந்தீர்கள், ஒரு வார்த்தை பேசவில்லை, துணியை எடுத்துக்கொண்டு சைக்கிளைத் துடைக்க உட்கார்ந்துவிட்டீர்கள். பாஸாகியிருந்தால் தெருமுனையிலேயே கத்திக்கொண்டு வந்திருப்பீர்கள். அம்மாதான் கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். நான் கேட்கவில்லை, சைக்கிள் கம்பி பளபளப்பதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

இப்போதும் எங்காவது சைக்கிள் துடைத்துக்கொண்டிருக்கிறீர்களா?

வெறும் வேலைப் பளு என்றால் இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். உடம்பு சரியில்லை என்றால் அண்ணியை எழுதச் சொல்லுங்கள்.

வாலு

&nbsp;

மே 20

அன்புள்ள வாலுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

உன் அண்ணனுக்கு வேலை மிகவும் அதிகம். எழுத நேரமே இல்லை. நீ கவலைப்படுவாய், ஒரு வரி போட்டுவிடு என்றார், அதனால் எழுதுகிறேன். ஆபீஸ் விஷயம் எதுவும் எழுதக்கூடாது என்றும் சொன்னார். எனக்கு ஆபீஸ் விஷயம் என்ன தெரியும்? அதையும் எழுதிவிட்டேன், பார்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி

&nbsp;

ஜூன் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? அண்ணியின் கடிதம் கிடைத்தது. பாவம், அவரை ஏன் இதற்குள் இழுத்தீர்கள்?

உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் விதியை மீறவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகத்தான் தெரிந்துகொண்டேன். நிஜமாக இருந்தால் உங்களால் மூன்று மாதம் சும்மா இருக்க முடியாது. குழாய்க்காரரைப் பற்றி நாலு பக்கம் எழுதி, அந்த எழுத்திலேயே துள்ளியிருப்பீர்கள். எழுதினால் கை காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து அண்ணியை எழுதவைத்தீர்கள். அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் நேற்றுவரை ஒரு நப்பாசை.

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். 418 இல்லை. இரண்டாவதாக வைத்திருந்த 077. அவ்வளவு அழகில்லை, ஆனால் பொம்மைக்குக் கொடுத்து ஓர் இடத்தைக் காலியாக விடுவதைவிடத் தேவலை. 418-ஐ ஏன் ஒதுக்குகிறாய் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. 'பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சம் கலந்திருக்கிறது' என்று எழுதினேன். பொய்தான். வேறென்ன எழுதுவது, அண்ணன் பேசவில்லை என்றா?

வீட்டுக்கு வந்து பாத்திரமெல்லாம் இரண்டு தடவை கழுவினேன். எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தாகவேண்டும், ஜூலை கடைசியில் பட்டியல் திறந்த பிறகு சொல்லுங்கள். அதை ஏன் அவ்வளவு அழகாகச் செய்தீர்கள்? மூன்றாவது மங்கலில் வெளிச்சம் இறங்குகிற இடத்தில் மயிரிழை அளவு ஒரு கோணல் இருக்கிறது. நிஜத்தில் அப்படித்தான் இருக்கும். அதைக்கூடவா உட்கார்ந்து செய்வீர்கள்? என்னை மாதிரி ஒருத்தி அதைப் பார்த்து நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டு திரிவாள் என்று தோன்றவில்லையா?

சரி, போகட்டும். இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாலு

&nbsp;

ஆகஸ்ட் 2

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுவது. ரொம்ப நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள். வேலை. கையெழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு. நீ எப்படி இருக்கிறாய்?

நேற்று முன்தினம் பீரோவைத் திறந்து பட்டியலைக் கொடுத்தாயிற்று. இனி நானும் நீயும் எதை வேண்டுமானாலும் பேசலாம். ஐந்து வருஷம் வாயைக் கட்டியிருந்ததற்கு, பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் உன்னை ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது, அதனால் மற்றதெல்லாம் அப்புறம்.

முந்நூறு பொம்மைகளில் 418 இல்லை. அது நான் செய்ததில்லை. யாரும் செய்ததில்லை.

நாற்பது பெயரில் அதைத் தேடினேன். இல்லை. உன் பெயருக்கு எதிரே 077 இருக்கிறது. அது என் பட்டியலில் பதினேழாவது வரி, நான் ஒரு மதியம் டீ குடித்துக்கொண்டே செய்தது. ஜூலை முதல் தேதி என் உதவியாளர் அதை எடுத்துவிட்டார், உன் இடம் காலியாகத்தான் போனது. பதினேழாம் தேதி 418 பக்கம் தொலைநோக்கி திரும்பவே இல்லை.

உன் படிவத்தையும் பார்த்தேன். பக்கத்து நட்சத்திரம் என்று எழுதியிருக்கிறாய். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், பக்கத்தில் ஒன்றுமே இல்லை. நீ தெரியாமல் அப்படி எழுதுகிறவள் இல்லை. யாராவது மிரட்டினார்களா? என்ன நடந்தது, எனக்கு உண்மையைச் சொல்.

அண்ணி விசாரித்தாள்.

அண்ணன்

&nbsp;

ஆகஸ்ட் 9

அண்ணா,

சௌக்கியமா என்று கேட்க இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை.

என் ஜூன் கடிதத்தை நீங்கள் படிக்கவே இல்லையா? மே மாதக் கடிதத்தை? எல்லாம் அதில் இருக்கிறது. யாரும் மிரட்டவில்லை. நீங்கள் பேசவில்லை. ஏப்ரல் மூன்றாம் தேதி எழுதினேன், ஆகஸ்ட் இரண்டாம் தேதி பதில் எழுதுகிறீர்கள். நான்கு மாதம். நீங்கள் வாயைத் திறக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு எட்டு வயதிலிருந்தே தெரியும், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். கிரகத்தை நம்பவில்லை, மூன்று வாரம் சோதித்த என் கண்ணையும் நம்பவில்லை, உங்களை நம்பினேன்.

நான் செய்தது திருட்டு. உங்கள் பீரோவை உடைக்காமல் உங்களை உடைத்துப் பார்த்தேன், அதிலும் தப்பாகப் பார்த்தேன். அது என் குற்றம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலை, வேலை என்கிறீர்களே, எந்த வேலை? பட்டியலைப் பூட்டி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதா? ஒரு வரி போதுமே அண்ணா. குழாய் இன்னும் ஒழுகுகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே.

வாலு

&nbsp;

ஆகஸ்ட் 19

அன்புள்ள வாலுக்கு,

அண்ணி எழுதுவது. நீ நலமாக இருக்கவேண்டும். இங்கே நலம் என்று இனிமேல் எழுதமாட்டேன்.

உன் அண்ணனுக்கு ஏப்ரல் ஒன்பதாம் தேதி ஆபரேஷன். குடலில் கட்டி. வெட்டி எடுத்தார்கள், அப்புறம் உள்ளே சீழ் வைத்தது, மறுபடி திறந்தார்கள். ஒன்பது வாரம் ஆஸ்பத்திரி. பேனாவைப் பிடிக்கவே ஜூலை ஆகிவிட்டது. பட்டியல் திறந்த அன்று நானும் உதவியாளரும் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனோம், ஒரு மணி நேரம் உட்கார்ந்தார், திரும்பி வந்து மறுநாள் முழுக்க எழுந்திருக்கவில்லை.

உனக்குச் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். "அவ இப்ப முக்கியமான ஒண்ண பாத்துட்டிருக்கா. தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா. ஜூன் முடியட்டும்" என்றார். மே மாதக் கடிதம் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதினது. பொய் எழுதக் கூச்சமாக இருந்தது, அதனால்தான் அவ்வளவு சின்னதாக எழுதினேன்.

உன் மே மாதக் கடிதமும் ஜூன் மாதக் கடிதமும் அலமாரியில் இருந்தன. படித்தால் பதில் எழுதத் துடிப்பார் என்று நான்தான் கொடுக்கவில்லை, பிரிக்கவும் இல்லை. உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் வந்ததும் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் வரை அப்படியே இருந்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவர் திட்டியிருக்கலாம்.

ஈரலுக்குப் பரவியிருக்கிறது. இனிமேல் மருந்து கொடுத்துக் கஷ்டப்படுத்தவேண்டாம் என்கிறார் டாக்டர். வருஷக் கடைசி வரை என்றார். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உன் கிரகம் எனக்குப் புரியாது. ஆனால் அதில் என் கையும் பட்டிருக்கிறது என்று தெரிகிறது. என்னை மன்னித்துக்கொள்.

அண்ணி

&nbsp;

செப்டம்பர் 5

அன்புள்ள அண்ணாவுக்கு, அண்ணிக்கு,

அண்ணி, முதலில் உங்களுக்கு. மன்னிக்க ஒன்றுமில்லை. நீங்கள் அவரைப் பார்த்துக்கொண்டீர்கள். நான் என்ன செய்தேன்? அவர் வயிற்றைக் கிழித்துப் போட்டிருந்த நாட்களில் அவர் மௌனத்துக்கு அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். உடம்பு சரியில்லையோ என்று மே மாதம் ஒரு வரி கேட்டுவிட்டு, அதற்கப்புறம் அந்த யோசனையே எனக்கு வரவில்லை. அதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அண்ணா, எங்கள் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தில் எழுதியது பொய் என்றும், ஏன் என்றும். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மூணு மங்கல வச்சு நாம ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார். 418 கோப்பில் 'உறுதி செய்ய வழியில்லை' என்று முத்திரை குத்தி மூடிவிட்டார்கள். அதே மேஜையில் என் ராஜினாமாவையும் வாங்கிக்கொண்டார்கள். போன திங்கட்கிழமை தொலைநோக்கியை அணைத்தார்கள். ஹாலில் எல்லாரும் நின்று கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

இதே மாதிரி அடுத்த தொலைநோக்கி எப்போது என்று கேட்டேன். முப்பது வருஷம் என்றார் ஒருவர். இன்னொருவர் சிரித்தார். பிப்ரவரி 16-ல் அது மறுபடி குறுக்கே போகும், அப்புறம் செப்டம்பரில், அப்புறம் மறு ஏப்ரலில். பார்க்க ஆள் இல்லை. இருக்கிறதா என்று கேட்டால்கூட இருக்கிறது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இருபதாம் தேதி அறையைக் காலி செய்கிறேன், நேரே அங்கேதான். போனில் பேசலாம்தான், இனி தடை ஒன்றுமில்லை. மூன்று தடவை எண்களை அழுத்தினேன், மணியடிப்பதற்குள் வைத்துவிட்டேன். உங்கள் குரல் எப்படி இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபமாக இல்லை. ஏப்ரலில் என் கடிதம் உங்கள் கைக்கு வந்ததா? அன்றைக்குப் பட்டியலைப் பார்த்தீர்களா?

வாலு

&nbsp;

செப்டம்பர் 14

அன்புள்ள வாலுக்கு,

சொல்வது நான், எழுதுவது உன் அண்ணி. என் கை சொன்னபடி கேட்பதில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? மூட்டை கட்டுகிறேன் என்று கனமானதைத் தூக்காதே. என் உடம்பைப் பற்றி நீ நேரிலேயே பார்ப்பாய்.

உன்மேல் கோபம் இல்லை. இருந்தது, இரண்டு நாள். அப்புறம் யார் யார்மேல் கோபப்படுவது என்று விட்டுவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். உன் கடிதம் ஏப்ரல் ஆறாம் தேதி வந்தது. ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பு. படித்துவிட்டு நேரே ஆபீசுக்குப் போனேன், பீரோவைத் திறந்தேன், விரலை வைத்து முந்நூறு வரியையும் மூன்று தடவை பார்த்தேன். 418 இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், சந்தோஷத்தில். பிறகு ஒரு அட்டையை எடுத்து, 'அது என்னுடையது இல்லை, உன்னுடையது' என்று எழுதி, தபால்தலை ஒட்டி, தபால்பெட்டிவரை நடந்தேன்.

அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். ஐந்து வருஷம் காத்த நேர்மையை உனக்காக உடைப்பதா என்று தோன்றியது. உன் கண் நல்ல கண், அது நான் சொல்லாமலே ஜெயிக்கும் என்றும் தோன்றியது. அட்டையைக் கிழித்து நாலு துண்டாக்கிக் கீழே இருந்த குப்பைத்தொட்டியில் போட்டேன். நியாயமாக நடந்துகொண்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. வருகிற வழியில் கடையில் அரை கிலோ இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "டாக்டர் எதுவும் சாப்பிடக்கூடாதுன்னாரே, இது என்ன விசேஷத்துக்கு?" என்று இதை எழுதிக்கொண்டிருப்பவள்தான் கேட்டாள். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்றேன்.

அண்ணன்